ரசமட்டம் வைத்து வெட்டிய கொய்யா

"தம்பி, மரத்த எங்க?"

ஞானம்மா அக்கா என்னிடம் கேட்டது இதுதான். காலையில் மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர், பதினொரு மணி பஸ்ஸில் எங்கள் ஊர் வன்னியம்பட்டிக்குத் திரும்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல் துவைகல் பக்கத்தில் நின்று கேட்டார். நான் கையில் ரம்பத்தோடும் தலையெல்லாம் மரத்தூளோடும் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தா இருக்குல்லாக்கா" என்று காட்டினேன்.

நான் காட்டிய இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மூன்று கட்டைகள் நின்றன. மூன்றும் ஒரே மட்டம். மேலே ஒரு பலகையை வைத்து அதன்மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்தால் சொட்டு சிந்தாது. வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது எட்டு வருஷமாகக் கிளை கழிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். எலுமிச்சை, மாதுளை, மா, செம்பருத்தி என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் போகிறேன். "புதுசா பயிற்சிக்கு வாரவங்களுக்கு ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்று எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்த கற்பகம் டீச்சர் கேட்டார். நன்றாக வெட்டிய மரங்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அவை பாட்டுக்கு நிற்கின்றன. இந்தக் கொய்யாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

1. வீட்டில் மட்டம் பார்க்காத ஒரே பொருள்

நான் முப்பத்து நான்கு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷினுக்கு ஃபிட்டர். பத்தாவது பெயில். இங்கிலீஷ் மேனுவல் வாசிக்கத் தெரியாது. ஆனால் மிஷின் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தாலும் கையை வைத்தே சொல்லிவிடுவேன். ரிங் ஃப்ரேம் மட்டமாக உட்காராவிட்டால் ஸ்பிண்டில் ஆடும், நூல் அறும், சூப்பர்வைசர் வாயைத் திறப்பார். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ரசமட்டம் ஒன்று வைத்திருப்பேன். கொத்தனார் கையில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் ஓடுமே, அதுதான்.

ரிட்டயர் ஆன பிறகும் ரசமட்டம் பையை விட்டுப் போகவில்லை. காலண்டர், கட்டில், அரிசி டிரம், சிலிண்டர், எல்லாவற்றுக்கும் அடியில் அட்டை மடித்து வைத்து மட்டம் பண்ணினேன். என் மனைவி எஸ்தர் இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் ராஜபாளையம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒரு நோட்டீஸோடு வந்தாள். பழமரம், பூச்செடிகளுக்குக் கவாத்துப் பயிற்சி, மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டணம் கிடையாது என்று போட்டிருந்தது.

"கவாத்தா? இந்த வயசுல என்னைப் போலீசுல சேக்கப் போறியாட்டீ?" என்றேன்.

"மரத்துக்குக் கிளை கழிக்கிற கவாத்து. போயிட்டு வாங்க. இந்த வீட்டுல இன்னும் மட்டம் பாக்காம கெடக்குறது நான் ஒருத்திதான். ஒருநா என் தலையிலயும் அதத் தூக்கி வச்சிருவிய."

போனேன்.

2. செண்பகத்தோப்பில் கண்ணை மூடியது

முதல் வகுப்பு செண்பகத்தோப்பில், மலை அடிவாரத்தில் ஒரு எலுமிச்சைத் தோப்பில் நடந்தது. பதினைந்து பேர் வந்திருந்தோம். சொல்லிக் கொடுத்தவர் கற்பகம் டீச்சர். சுந்தரபாண்டியம் ஊர்ப் பெண், தோட்டக்கலை படித்தவர், என் மகளைவிட ஐந்து வயது இளையவர். முதலில் கத்தரிக்கோலைப் பிடிக்கவே தனியாக ஒரு பாடம் நடந்தது. வெட்டு வாய் மரத்துப் பக்கம் இருக்க வேண்டும். கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே சாய்வாக வெட்ட வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணி தேங்காது. பெரிய கிளை என்றால் முதலில் அடியில் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு மேலேயிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டு போகும். எல்லாவற்றையும் டைரியில் எழுதினேன்.

வெட்டச் சொன்னார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மில்லில் பெல்ட்டைக் கழற்றுவதானாலும் ஜெபம் பண்ணாமல் கை வைக்க மாட்டேன். உயிருள்ள மரம், சும்மா வெட்டலாமா? எலுமிச்சை முன்னால் நின்று கண்ணை மூடினேன். மரத்துக்காக, தோட்டத்துக்காரருக்காக, டீச்சருக்காக, கத்தரிக்கோலுக்காக என்று வரிசையாக வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் வெட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஜோடியாகச் சேர்த்துவிட்டிருந்தவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அவர் சத்தமாகவே சொன்னார்: "ஏலே ஃபிட்டரு, எலுமிச்சம் பழுத்தே உளுந்துரும் போல. இன்னும் ஆமென் வரல்லையே."

டீச்சர் சிரிக்காமல், "ஜெபம் பண்ணுனது தப்பில்ல அண்ணாச்சி. இப்ப வெட்டுங்க" என்றார்.

கடைசியில் எந்தக் கிளையை எடுப்பது என்று விரல் விட்டுச் சொன்னார். "காய்ஞ்சது ஒண்ணு. சீக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்ணோட ஒண்ணு ஒரசுறது மூணு. உள்ள பாத்து வளருறது நாலு."

நாலையும் எழுதிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது. டைரியை மூடி, கண்ணையும் மூடி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் ஐந்தாவது விரலை மடக்கியிருக்கிறார். "இந்த நாலும் எம்புட்டு இருந்தாலும் சரி, ஒரு வருசத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல மரத்துல கை வைக்கக் கூடாது. அது அஞ்சு." பதினான்கு பேர் அதை எழுதினார்கள். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. பாக உந்தி

இரண்டாவது வகுப்பு ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில். அங்கே செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி. ஓரத்தில் நீளமாக ஒரு வேலிச்செடி வரிசை காடாக வளர்ந்திருந்தது. டீச்சர் அதை ஒரே உயரமாக்கச் சொன்னார். எல்லோரும் கண்ணால் பார்த்து வெட்டினார்கள். நான் இரண்டு குச்சி ஊன்றி, நூல் கட்டி, நூலில் ரசமட்டத்தை வைத்து வெட்டினேன். என் பங்கு இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பாக உந்தி" என்றார். நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொல்கிறார் என்று முப்பத்து நான்கு வருஷம் ராஜபாளையத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா?

"வேலிச்செடிக்கு அண்ணாச்சியத்தான் பாத்துப் படிக்கணும்" என்றார் டீச்சரும்.

அவர் வேலிச்செடிக்கு என்றுதான் சொன்னார். என் காதில் பாதி வார்த்தைதான் இறங்கியது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே, எங்கள் தெருவில் எந்த மரத்தில் ஆரம்பிக்கலாம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4. குரங்கு அப்பம் பங்கு போட்டது

ஞானம்மா அக்கா எங்கள் சபையைச் சேர்ந்தவர். எழுபது வயதுக்கு மேல். கணவர் இல்லை, மகள் தூத்துக்குடியில். இரண்டு அறை வீடு, பின்னால் ஒரு துவைகல், அதன் பக்கத்தில் அந்தக் கொய்யா. யாரும் நட்டதில்லை. அணில் போட்ட விதையாக இருக்கும். துவைக்கிற தண்ணீரைக் குடித்தே ஆளாகிவிட்டது.

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அசனம் என்கிற பொதுச்சாப்பாடு சாப்பிடுவார்கள். நிலம் உள்ளவர்கள் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவருவார்கள். ஆடு கோழி உள்ளவர்கள் அதைக் கொண்டுவருவார்கள். ஞானம்மா அக்கா ஒரு நார்ப்பெட்டி நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவருவார். அவர் வீட்டில் விளைவது அது ஒன்றுதான். பென்ஷன் பணத்தில் காணிக்கை போட மாட்டாரா என்றால் அதுவும் போடுவார். ஆனால், "அது கவர்மென்டு குடுத்தது. இது எனக்குன்னு ஆண்டவரு குடுத்தது" என்பார். அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நடந்து வருகிற நடையை நாங்கள் எல்லோரும் பார்ப்போம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் நானாகத்தான் போய்க் கேட்டேன். "அக்கா, மரம் அடைசலா கெடக்கு. காத்து வெளிச்சம் உள்ள போகல. செத்த நேரத்துல சரி பண்ணித் தாரேன். பழம் இதவிடப் பெரிசா வரும்."

"நல்லாத்தான காய்க்குது தம்பி."

"நான் படிச்சிருக்கேன்லாக்கா."

படித்தவன் என்று யாராவது சொன்னால் அக்கா மறு வார்த்தை பேச மாட்டார். "சரி, ஒரு கை பாரு. நான் மாத்திரை வாங்கிட்டு வந்துருதேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். காய்ந்த கிளை இரண்டு இருந்தன, எடுத்தேன். சீக்குக் கிளை ஒன்று, எடுத்தேன். உரசுகிற கிளையில்தான் சிக்கல் வந்தது. இரண்டு உரசினால் ஒன்றை எடுக்கிறோம். எடுத்ததும் பின்னால் நிற்கிற கிளை முன்னால் தெரிகிறது, அது வேறொன்றோடு உரசுகிறது. அதை எடுத்தால் அடுத்தது. அப்புறம் உள்ளே பார்த்து வளர்கிற கிளை. துவைகல் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று வெளியே பார்க்கிறது. சுவர்ப் பக்கம் போய் நின்று பார்த்தால் அதே கிளை உள்ளே பார்க்கிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன், இரண்டு பக்கக் கணக்கிலும் எடுத்தேன்.

இவ்வளவும் ஆன பிறகு மரம் கிழக்கே கனமாகத் தெரிந்தது. கிழக்கே கொஞ்சம் எடுத்தேன். மேற்கே கனமாகிவிட்டது. இரண்டு பூனைக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கு இந்தப் பக்கம் ஒரு கடி, அந்தப் பக்கம் ஒரு கடி கடித்த கதை சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் குரங்காவது தின்றது. நான் ரசமட்டத்தைத்தான் பார்த்தேன். மூன்று பெரிய கிளையும் மூன்று உயரத்தில் நின்றது என் ஃபிட்டர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுக்கொன்று சரி பண்ணிச் சரி பண்ணி, குமிழ் நடுவில் வந்து நின்றபோது மரம் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது.

கிளையில் பிஞ்சு இருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் நிறைய இருந்தது. பிஞ்சைக் குறைத்தால் மிச்சம் பெரிதாகும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. மிச்சம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் பஸ் வந்தது.

5. மடியில் பொறுக்கியது

"மரத்த எங்க?" என்று கேட்ட அக்கா, பையைத் துவைகல்லில் வைத்துவிட்டு, கீழே கிடந்த கிளைகளுக்கு நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டார்.

"இதெல்லாம் பண்டிகைக்குப் பழுத்திருக்கும்லா" என்றார். திட்டவில்லை. எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மில்லில் ஒரு தடவை நான் மாற்றிப் போட்ட ஒரு பேரிங்கால் நாலு மிஷின் நின்று, மானேஜர் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தத் திட்டே பரவாயில்லை என்று அக்கா முன்னால் நின்றபோது தோன்றியது.

ராத்திரி வரை பொறுக்காமல் கற்பகம் டீச்சருக்கு போன் போட்டேன். மறுநாள் ஸ்கூட்டியில் வந்தார். மூன்று கட்டையையும் சுற்றிச் சுற்றி நடந்தார். தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"அண்ணாச்சி, அஞ்சாவது விதி என்ன?"

"நாலுதான டீச்சர்?"

டைரியைக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கி ஐந்தாவதை எழுதினார். நான் படித்தேன். படித்துவிட்டு, அந்த நேரம் நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

"ஸ்தோத்திரத்த கண்ணத் தொறந்துக்கிட்டுச் சொன்னா ஏறாதா அண்ணாச்சி?" என்றார்.

பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பெரியம்மா, கொய்யாவுக்கு உயிரு கெட்டி. சாகாது. ஒரு மாசத்துல துளிர்க்கும். ஆனா புதுத் துளிருல பூ வந்து, காய்ச்சு, பழுக்கணும்னா தை மாசம் ஆயிரும்."

"பண்டிகைக்கு?"

டீச்சர் தலையை ஆட்டினார். கட்டைகளின் வெட்டு வாயில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்த பசையை என்னைப் பூச வைத்தார். நீலமாக மூன்று வட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று பேர் தொப்பி போட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

6. காட்சிப் பொருள்

அடுத்த மாத வகுப்பை அக்கா வீட்டுப் பின்புறத்தில் வைத்தார் டீச்சர். எப்படி வெட்டக் கூடாது என்பதற்குப் பாடம். மரம் ஒரு காட்சிப் பொருள், நான் இன்னொன்று.

பதினான்கு பேரும் வந்து கட்டைகளைச் சுற்றி நின்றார்கள். துளிர் அப்போதுதான் குண்டூசித் தலை அளவில் எட்டிப் பார்த்தது. சுபேதார் தொப்பியைக் கழற்றினார்.

"பட்டாளத்துல புதுசா சேந்த பயலுக்குக்கூட இம்புட்டு குட்டையா முடி வெட்ட மாட்டாவலே. எந்த பார்பர்கிட்ட படிச்ச?"

"மட்டம் சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் இன்னொருவர்.

"இருக்கும், இருக்கும். இதுமேல கேரம் போர்டு வச்சு வெளையாடலாம்."

நான் தலையைக் குனிந்து டைரியில் எழுதுகிற மாதிரி இருந்தேன். டீச்சர் ஒவ்வொரு கிளையாக, இது ஏன் இருந்திருக்க வேண்டும் என்று வெட்டுத் தழும்பை வைத்தே சொன்னார். நான் எடுத்ததில் நாலு கிளைதான் எடுக்க வேண்டியது. மிச்சமெல்லாம் என் மட்டம். மரத்துக்கு மட்டம் கிடையாது, மரம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. எல்லோருக்கும் அக்கா மோர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

7. ஆண்டவர் என்ன ஹெல்ப்பரா?

பண்டிகைக்கு இரண்டரை மாதம் இருந்தது. அந்த இரண்டரை மாதமும் நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காலையும் மாலையும் போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஆட்டுப்புழுக்கை ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு வாரம் கழித்து அக்கா வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "வெட்டுனதுல சாகல, நீ தண்ணியில கொன்னுருவ போல. போ அங்கிட்டு" என்றார்.

ஜெபத்தையும் விடவில்லை. செப்டம்பருக்குள் பத்துப் பழமாவது வேண்டும், ஆண்டவரால் ஆகாதது என்ன இருக்கிறது என்று முழங்காலில் நின்றேன். எஸ்தர் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வெளியே வந்தாள்.

"ஆண்டவரு என்ன ஒங்க ஷிப்டு ஹெல்ப்பரா, நீங்க கெடுத்து வச்சதயெல்லாம் வந்து சரி பண்ணிட்டுப் போக? மொதல்ல அந்த அக்காகிட்ட வாயத் தொறந்து தப்புன்னு சொன்னியளா?"

அப்போதுதான் உறைத்தது. ஆண்டவரிடம் நாற்பது தடவை சொல்லியிருந்தேன். அக்காவிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன், பசை பூசினேன், சொல்லவில்லை.

போனேன். கையோடு ஒரு யோசனையையும் கொண்டுபோனேன். "அக்கா, நான் பண்ணுனது தப்புக்கா. படிச்சேன்னு சொன்னேன், பாதிதான் படிச்சேன். பண்டிகைக்கு மார்க்கெட்ல நல்ல பழமா ஒரு பெட்டி வாங்கித் தாரேன். நீங்க கொண்டு போங்க."

அக்கா கட்டைகளைப் பார்த்தார். முழ நீளத்துக்குத் துளிர் வந்திருந்தது, பூ இல்லை.

"தப்புன்னு சொன்னது சரி. ஆனா கடைப்பழத்தக் கொண்டு போயி வச்சா அது கடைக்காரரு காணிக்கைல்லா தம்பி? எம் பேரச் சொல்லி எப்படி வைப்பேன்?"

"அப்ப என்னக்கா செய்வீங்க?"

"பாப்போம். வெறுங்கையோட போனதில்ல இதுவரைக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

8. பண்டிகை நாள்

ஆலயம் நிறைந்திருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையாகக் காணிக்கை கொண்டுவந்தார்கள். வாழைத்தார், தேங்காய், பூசணி, காலைக் கட்டின சேவல். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வரவில்லை என்றால் என்னால், வெறுங்கையோடு வந்தாலும் என்னால். எது நடந்தாலும் வெளியே போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

வரிசையின் கடைசியில் வந்தார். தலையில் ஒரு விறகுக் கட்டு.

பெரிய கட்டு. ஒரே நீளமாக வெட்டி, இரண்டு இடத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வழவழவென்ற பட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஜூன் மாதம் தறித்துப் போட்ட கிளைகள். மூன்று மாதம் அவற்றைத் தகரக் கூரைக்கு அடியில் காய வைத்திருக்கிறார். நான் ஒரு வாரம் காலையும் மாலையும் அதே வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், அந்தக் கூரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எப்போதும் பெட்டியோடு வருகிற அதே நடைதான். பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை. கட்டை இறக்கி, சேவலுக்கும் பூசணிக்கும் நடுவில் வைத்துவிட்டு, கையைக் கூப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தபோது, ஏலம் விடுகிறவர் விறகுக் கட்டுக்கு வந்ததும் கையைப் பிசைந்தார். "இத என்னன்னு ஏலம் கூற?" அப்போது அசனத்துக்குச் சோறு வடிக்கிறவர் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தார். ஒரு குச்சியை உருவி ஒடித்துப் பார்த்தார்.

"கொய்யாவா? நல்லாக் காய்ஞ்சிருக்கே. இது நின்னு எரியும்லா. இத ஏலம் விடாதிய, எனக்குக் குடுங்க. சோறு வேகுற பெரிய வட்டாவுக்கு இன்னும் தீ பத்தல."

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எடுத்துட்டுப் போங்க. அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றார்.

யாரும் சொல்லாமலே நான் போய் அந்தக் கட்டைத் தூக்கினேன். நல்ல கனம். மரத்தில் இருந்தபோது நான் வெட்டியது இவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் வைத்து அடுப்படிவரை நடந்தபோது தெரிந்தது.

சபை முழுக்க அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டது. நான் இலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பரிமாறிக்கொண்டு வந்த அக்கா என் இலைக்கு முன்னால் நின்றார்.

"சோறு எப்படித் தம்பி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

"இருக்கும், இருக்கும். நீ படிச்ச படிப்புல வெந்ததுல்லா" என்று இன்னொரு கரண்டி வைத்தார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லிவிட்டேன்.

9. நூல் கட்டுவது

டீச்சர் சொன்னபடி தை மாதம்தான் பழுத்தது. ஒன்றிரண்டுதான். முதல் பழத்தை அக்கா எனக்குக் கொடுத்தனுப்பினார். பிட்டுப் பார்த்தால் உள்ளே புழு. எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்றேன். எனக்கு அது போதும்.

அதன் பிறகுதான் இந்த வேலை முறையைப் பிடித்தேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், புதிதாக வருகிறவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் கழிவு நூல் கிடைக்கும். சிவப்பு நூலாகக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாள் கத்தரியை எடுத்துப்போக மாட்டேன். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிற கிளையில் எல்லாம் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்பேன். இந்த மரத்துப் பழம் எந்த மாசம் வேணும்? யாருக்குப் போகுது? கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர்கள் ஒரு நாள் முழுக்க அந்த நூல்களைப் பார்த்துக்கொண்டு திரியட்டும். வேண்டாம் என்று படுகிற கிளையில் அவர்களே நூலை அவிழ்த்துவிடலாம். மறுநாள் மிச்சம் நூல் இருக்கிற கிளையில் மட்டும் கத்தரி வைப்பேன். எந்தக் கிளையை எடுக்கலாம் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கிளை யாருடையது என்பதை மரத்துக்குச் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ரசமட்டம் இப்போது எஸ்தரின் தையல் பெட்டியில் இருக்கிறது.

ஜெபம் பண்ணாமல் இன்றைக்கும் வெட்டுவதில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறையில் நான் செய்த முதல் மரம் அந்தக் கொய்யாதான். மறு வருஷம், பிஞ்சு பிடிப்பதற்கு முன்னால், அக்காவிடம் போய்க் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நூலத்தான கட்டப் போற? கட்டு" என்றார். மரம் அதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் தழைத்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்து, ஐந்து விதியையும் வாய்விட்டுச் சொல்லி, மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளேயே பத்தொன்பது நூல் கட்டினேன்.

மறுநாள் காலையில் கத்தரியோடு போனேன். துவைகல்லின் மேல் பதினெட்டு நூல் சுருட்டி வைத்திருந்தது.

மரத்தில் ஒரே ஒரு நூல் மிச்சம் இருந்தது. காய்ந்த குச்சி ஒன்றில். அதை வெட்டினேன்.

அந்த வருஷம் பண்டிகைக்கு இரண்டு பெட்டி.